விழிஞ்ஞத்துச் சம்சாரம்

ஆறாயிரம் பேர் கூடுகிற மாநாட்டில் மிகவும் சிரமமான வேலை, கழிப்பறைக்கு வழிகாட்டும் பலகை எழுதுவதுதான். பிரசங்கத்தில் ஒரு சொல் தடுக்கினால் ஆவியானவர் பார்த்துக்கொள்வார். பலகையில் தடுக்கினால் அவரும் கையை விரித்துவிடுவார். நைரோபியில் நடந்த மிஷனெரி மாநாட்டுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் பலகை எழுதியவன் நான். திருவனந்தபுரத்தில் நம் மிஷன் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே பதினான்கு மாதம் அந்த மாநாட்டுக்கு உழைத்தேன். பிரதிநிதிகள் பட்டியல், விசா கடிதம், சாட்சிகளின் ஆங்கில மொழிபெயர்ப்பு எல்லாம் என் மேசை வழியாகத்தான் போயின. விசாரணைக் குழுவினராகிய நீங்கள் தங்கபாண்டியின் சாட்சியைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

நான் இருபது வருடமாக மேடை மொழிபெயர்ப்பாளன். வெளிநாட்டுப் பிரசங்கியார் இடப்பக்கம் நிற்பார், நான் வலப்பக்கம். அவர் முனகுவதை நான் முழங்குவேன். ஜனம் அழும். ஆனால் எல்லா முகமும் இடப்பக்கம் பார்த்துத்தான் அழும். ஒருமுறை ஒருவர் பேச்சை மறந்து நின்றபோது, நானே நாலு வாக்கியம் போட்டு ஒப்பேற்றினேன். கூட்டம் முடிந்து அவரைத்தான் கட்டிப்பிடித்தார்கள். நான் அவருடைய தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நம் மிஷனிலிருந்து சாதாரண விசுவாசி ஒருவர் வந்து தன் வாழ்க்கையில் தேவன் செய்ததைப் பத்து நிமிடம் சாட்சியாகச் சொல்லட்டும் என்று நைரோபிக்காரர்கள் எழுதியிருந்தார்கள். அந்த மின்னஞ்சலைத் திறந்தவனே நான்தான். என்னைவிடச் சாதாரணமான ஆள் யாரும் என் நினைவுக்கு வரவில்லை. கோட்டு தைக்கக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தபோது கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிறவன் மாதிரி இருந்தது. இருந்தாலும் பிடித்திருந்தது.

செயலாளர் பிஜி சார் கூட்டத்தில் தங்கபாண்டியின் பெயரைச் சொன்னார்.

தங்கபாண்டி திருநெல்வேலிக்காரன். கிழக்கேகோட்டையில் ஒரு ஹோட்டலில் இருபத்திரண்டு வருடமாகப் பரோட்டா போடுகிறான். விழிஞ்ஞத்தில் துறைமுகக் கட்டுமான வேலைக்கு வந்த மாடம்மாள் என்கிற விதவையின் வாடகை வீட்டில், வாரம் இரண்டு நாள் வேலையாட்களைக் கூட்டி வைத்து வேதம் பேசுவான். ஐந்து பேரில் தொடங்கியது, முற்றம் கொள்ளாத கூட்டம் ஆகிவிட்டது. குடியை விட்டவர்கள் பலர். எல்லாம் உண்மை. பெயரைக் கேட்டதும் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் ஒரு தட்டு கூடுதலாகத் தட்டினேன்.

மறுநாள் சாட்சியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு என் மேசைக்கு வந்தான்.

“அண்ணே, எனக்கு எழுத்து வராது கேட்டியளா. நீங்க பாத்து நல்லா ஆக்கிருங்க. அங்க அவங்க அழுதாங்கன்னா அது உங்க தமிழுக்குத்தான்.”

அவனிடம் எனக்குப் பிடிக்காதது இதுதான். பொறாமைப்படுகிறவனுக்கு ஒரு சின்ன வசதிகூடச் செய்து தரமாட்டான்.

தாளில் இப்படி ஓர் இடம் வந்தது: ‘விழிஞ்ஞத்தில மாடம்மாள் வீட்டில எனக்கு வாரம் ரெண்டு நாள் சம்சாரம் உண்டு. எட்டு வருசமா உண்டு. சுஜாவுக்கு முதல்ல பிடிக்கல. இப்ப சமாதானம் ஆயிட்டா.’

சுஜா அவன் மனைவி. சம்சாரம் என்றால் மலையாளத்தில் பேச்சு, தமிழில் பெண்டாட்டி. இத்தனை வருடம் இந்த ஊரில் கிடந்தால் தமிழன் வாயிலும் அது பேச்சாகிவிடும். அவன் எழுதியது பேச்சு. வாசித்த நொடியிலேயே எனக்குத் தெரியும். சிரிப்புக்காகத்தான் ‘வொய்ஃப்’ என்று தட்டச்சு செய்தேன். சிரித்து முடித்தபின் திருத்திக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். ஒரு டீ குடித்துவிட்டு வந்து, மற்ற வாக்கியங்களை மிக அழகாகச் செய்து அனுப்பினேன். அந்தச் சொல்லை அப்படியே விட்டேன்.

நான்காம் நாள் நைரோபியிலிருந்து மரியாதையாக ஒரு கேள்வி வந்தது: இந்தச் சகோதரருக்கு இரண்டு குடும்பமா? அவர் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார், நேரில் கேட்டு நோகடிக்க வேண்டாம் என்று பதில் போட்டேன். பிஜி சாருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அவர் என் மேசைக்கு வந்து, “விஜயகுமாரே, இது சரி தன்னெயாணோ?” என்று கேட்டார். எழுதியபடிதான் சார் என்றேன். பொய்யில்லை.

பிஜி சார் கூச்ச சுபாவம். அந்த வார்த்தையைச் சொல்ல முடியாமல், விழிஞ்ஞத்துக் காரியத்தை நீயேதான் எழுதினாயா என்று மட்டும் தங்கபாண்டியிடம் கேட்டிருக்கிறார். அவன் சந்தோஷமாக, ஆமா சார், நான்தான் என்றிருக்கிறான். அதோடு முடிந்தது. பட்டியலில் அவன் பெயரை அடித்துவிட்டு என் பெயரைப் போட்டார்கள்.

நைரோபிக்கு நான் போனேன். கோட்டு தயாராக இருந்ததே. மேடையில் விழிஞ்ஞத்து வீட்டைப் பற்றித்தான் பேசினேன். என் வாழ்க்கையில் சொல்லும்படி ஒன்றும் நடந்திருக்கவில்லை. ‘அவன்’ என்று சொன்னால் உருக்கம் குறையும் என்பது தொழில் அனுபவம். அதனால் ‘நான்’ என்று சொன்னேன். ஆறாயிரம் பேரும் என்னைப் பார்த்து அழுதார்கள்.

திரும்பி வந்தபோது இங்கே சில காரியங்கள் நடந்து முடிந்திருந்தன. விழிஞ்ஞத்துக் கூட்டத்தை மிஷன் நிறுத்தியிருந்தது. மாடம்மாளை வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். எந்த ஊருக்குப் போனாள் என்று யாரும் விசாரிக்கவில்லை. சுஜா மகளைக் கூட்டிக்கொண்டு மார்த்தாண்டத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். தங்கபாண்டி என்னைத்தான் தேடி வந்தான்.

“அண்ணே, என்ன சொன்னாலும் நீதான எழுதிக் குடுத்தேங்கிறாங்க. சுஜா போன எடுக்க மாட்டக்கா. நீங்க சொன்னா கேப்பா. ஒரு வாட்டி போயிட்டு வாங்க.”

போனேன். எனக்கு இளகிய மனசு. பஸ்ஸில் உட்கார்ந்து அவனுக்காக அழுதேன், அந்த அழுகை உண்மையானது. சுஜா வாசலிலேயே கேட்டாள்.

“அண்ணே, அவரு எழுதினத நீங்கதானே வாசிச்சிய. உள்ளதா?”

ஒரு சொல் போதும். என் தொழிலே அதுதான். இரண்டு மொழியிலும் பிறந்தவள், சொன்ன மாத்திரத்தில் அவளுக்குப் புரிந்திருக்கும், சிரித்தும் இருப்பாள்.

“மன்னிச்சிரும்மா,” என்றேன். “மனுசன்தானே.”

 உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தாள். சர்க்கரை போட மறந்திருந்தாள். சங்கடப்படுவாளே என்று நான் சொல்லாமல் குடித்தேன்.

தங்கபாண்டி இப்போதும் அதே ஹோட்டலில்தான் இருக்கிறான். யாரோடும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இரண்டு மொழியிலும் அவனுக்குச் சம்சாரம் இல்லாமல் போய்விட்டது.

போன மாதம் பழைய ஃபைல்களை ஸ்கேன் செய்ய வந்த அனுஷா அந்தத் தாளைக் கண்டெடுத்து, வாசித்துவிட்டு உங்களிடம் கொடுத்தாள். நல்ல பெண். உங்கள் அறிக்கையின் வரைவை பிஜி சார் நேற்று அன்போடு காட்டினார். ‘மொழிபெயர்ப்பாளரின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை’ என்று இருந்தது. கையெழுத்துப் போட்டால் வேலையும் போகாது என்றார்.

நான் போடவில்லை. இந்த ஊரில் அந்த இரண்டு சொல்லையும் குழப்பிக்கொள்கிற ஆள் நான் இல்லை. தெரிந்தே செய்தான் என்று எழுதுங்கள். எழுதியதை சுஜாவுக்கு யாராவது பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கும் நானே போய்வருகிறேன். அவளுக்கு என்மேல் நம்பிக்கை உண்டு.