ஓக்லியை இரண்டாம் லெவலுக்கு இறக்கியது

என் கைகள் எந்தக் குளிரிலும் கதகதப்பாக இருக்கும். ஜனவரி மாதம் டெக்சாஸின் லப்பக்கில் புழுதிக்காற்று ஜிம்மின் தகரக் கதவைப் போட்டு அறையும்போதுகூடப் பிள்ளைகள் என் வரிசையில் வந்து நிற்கத்தான் அடித்துக்கொள்வார்கள். முதுகில் ஜில்லென்று கை பட்டால் யாருக்குப் பிடிக்கும்? என் பேர் நெல். நெல் கோச் கையில் அடுப்பு இருக்கிறது என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

என் வேலையே கைதான். பிள்ளைகள் பின்பக்கமாகப் பல்டி அடிக்கும்போது இடுப்புக்கு மேலே ஒரு கை கொடுத்துத் தாங்கிவிட வேண்டும். பதினோரு வருஷமாக அதைத்தான் செய்கிறேன். என் கையை விட்டு ஒரு பிள்ளையும் விழுந்ததில்லை. ஓக்லியும் விழவில்லை. அவள் விழுந்தது அவள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புல்தரையில்.

வியாழக்கிழமை அவள் அம்மா ஷௌனாவை இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தீர்கள். பக்கத்து அறையிலிருந்து அவள் அழுகிற சத்தம் இங்கே கேட்கிறது. பதினோரு வயதுப் பிள்ளையை மிரட்டிப் பல்டி அடிக்க வைத்துக் கழுத்தெலும்பை உடைத்தவள் என்று அவளைப் பற்றி எழுதப்போகிறீர்கள். அது நியாயமில்லை. நியாயமில்லாத ஒன்றை என்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அதனால் நானாகவே வந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சியர்லீடிங் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றீர்கள். தெரிந்துகொள்வது கஷ்டமில்லை. பாட்டுக்கு ஏற்றபடி ஒரு டீமாகச் சேர்ந்து பல்டி அடிக்கிற போட்டி. ஒன்றாம் லெவல் பிள்ளைகள் உருளுவார்கள். இரண்டாம் லெவலில் கையைத் தரையில் ஊன்றிப் பின்பக்கம் பல்டி. நான்காம் லெவலில் கை ஊன்றாமல் அந்தர்பல்டி. எந்த லெவலில் டீம் போட்டிக்குப் போகிறதோ அதற்கு மேற்பட்டதை அங்கே அடிக்கக்கூடாது, அடித்தால் மார்க் குறைப்பார்கள். ஆனால் மேற்பட்டது தெரிந்த பிள்ளையைக் கீழ் லெவல் டீமில் வைத்துக்கொள்ளலாம். அந்தரத்தில் சுற்றி வருகிறவளுக்குக் கை ஊன்றிய பல்டி என்பது படியிறங்குவது மாதிரி. கால் இரண்டும் ஒட்டி, விரல் நுனி நீண்டு, அவ்வளவு சுத்தமாக இருக்கும். அவளை நடுவில் நிறுத்திவிட்டால் ஜட்ஜுகளின் கண் மற்றவர்கள் பக்கம் போகாது.

எங்கள் இரண்டாம் லெவல் டீமில் இருபது பேர். போன வருஷம் போட்டியில் ஒன்பதாவதாக வந்தோம். யாரும் வருத்தப்படவில்லை, அவர்கள் அடித்த பல்டிக்கு அதுதான் சரியான இடம். ஆகஸ்ட் மாதம் ஓக்லி வந்தாள். அமரில்லோவில் வேறு ஜிம்மில் நான்காம் லெவலில் இருந்தவள். வலது கணுக்கால் சரியில்லை, இந்த வருஷம் இரண்டாம் லெவலில் மெதுவாகப் போகட்டும் என்று ஷௌனா சொன்னாள்.

நான் அதிகம் பேசமாட்டேன். பார்த்துக்கொண்டிருப்பேன். திங்கட்கிழமை ஓக்லியின் வலது கணுக்காலில் பிளாஸ்திரி இருந்தது. புதன்கிழமை இடது கணுக்காலில் இருந்தது. அடுத்த வாரம் எந்தக் காலிலும் இல்லை. அவளுடைய பழைய வீடியோக்களை ஷௌனா ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தாள். இதைக் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பயிற்சியைப் பார்க்கும் அம்மாக்களும் கவனித்தார்கள்.

"எட்டாங்கிளாஸ் பிள்ளையக் கொண்டுபோய் ஒண்ணாங்கிளாஸ்ல உக்கார வச்சிட்டு, எம்பொண்ணுதான் முதல் மார்க்குங்கறா. கூச்சமே இல்ல பாரு," என்றாள் ஒருத்தி.

"ஏன்டி பேசற? உன் பொண்ணு கழுத்துலயும் தங்க மெடல் தொங்கப்போவுதுல்ல, பேசாம சோளப்பொரியத் தின்னு," என்றாள் இன்னொருத்தி.

இரண்டு பேரும் சிரித்தார்கள். யாரும் எதுவும் செய்யவில்லை.

ஓக்லிக்கு இடம் கொடுக்க ஒருத்தியை வெளியே எடுக்க வேண்டுமே. மரிசெல்லை எடுத்தார்கள். பத்து வயது. அவள் அம்மா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். கை ஊன்றிய பல்டி ஒன்றுக்காக மரிசெல் இரண்டு வருஷம் என் வரிசையில் நின்றாள். ஜூலை மாதம் முதல்முறையாக என் கை படாமல் அடித்துவிட்டு, திரும்பி நின்று, "தொட்டீங்களா கோச்? நெசமாவே தொடலையா?" என்று மூன்று தடவை கேட்டாள். ஆகஸ்ட் மாதம் பல்டி அடிக்கிற மெத்தைக்கு வெளியே ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள்.

ஜிம்மின் சொந்தக்காரி ட்ரூடியிடம் நான் கேட்டேன். பேசுவதற்கு எனக்கு நாலு நாள் ஆயிற்று.

"நெல்லு, கண்ணு, விதி என்ன சொல்லுது? லெவல் டூவுல லெவல் டூ பல்டிதான் அடிக்கணும். அதுக்கு மேல தெரிஞ்சிருக்கப்படாதுன்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா?"

"அப்ப மரிசெல்?"

"நல்ல பொண்ணு. நல்லா கை தட்டுவா."

நவம்பரில் ஃபோர்ட் வொர்த்தில் ஜெயித்தோம். மரிசெல்லுக்கும் மெடல் போட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அதைக் கழற்றி என் மடியில் வைத்தாள். "இது என்னுது இல்ல கோச். நான் காலக்கூட உள்ள வைக்கல," என்றாள். அழவில்லை. ரொம்ப யோசித்துச் சொன்ன மாதிரி இருந்தது. அந்த பஸ்ஸில் இருந்த முப்பது பேரில் நேர்மையாக ஒரு வார்த்தை பேசியது அந்தப் பிள்ளை ஒன்றுதான்.

போட்டி நடத்துகிறவர்களுக்குக் கையெழுத்துப் போடாமல் ஒரு கடிதம் எழுதினேன். அந்தக் கடிதம் ட்ரூடியின் கைக்கே வந்து சேர்ந்தது. விசாரித்தோம், விதிப்படி தவறில்லை என்று மேலே ஒரு வரி எழுதியிருந்தார்கள். ட்ரூடி அதைப் பணியாளர்கள் எல்லோரிடமும் காட்டி, "இத எழுதினது நம்மள்ல யாருன்னு நான் கேக்கப்போறதில்ல," என்றாள். அதற்குப் பிறகு அங்கே எல்லோரும் எல்லோரையும் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். என்னை மட்டும் யாரும் பார்க்கவில்லை. பேசாதவர்களை யாரும் சந்தேகப்படுவதில்லை.

அப்போதுதான் விஷயம் எனக்குத் தெளிவானது. ஓக்லி இரண்டாம் லெவலில் இருப்பது தப்பில்லை. அவளுக்கு நான்காம் லெவல் பல்டி தெரிந்திருப்பதுதான் தப்பு. டீமை மாற்ற என்னால் முடியாது. தெரிந்ததைக் குறைக்க முடியும்.

சியர் ஜிம்களில் ஒரு வழக்கம் உண்டு. மெத்தையில் நிற்கும்போது பயம் என்ற சொல்லை யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு பிள்ளைக்கு ஒருநாள் திடீரென்று பின்பக்கம் போக வராது. நேற்றுவரை வந்தது இன்றைக்கு வராது. அடி படவில்லை, காய்ச்சல் இல்லை, உடம்பு மட்டும் போக மறுக்கும். அது வாரக்கணக்கில் நீளும், சிலருக்கு வருஷக்கணக்கில். அப்படி ஒருத்தி ஆகிவிட்டால் மற்றப் பிள்ளைகளை அவள் பக்கம் நிற்கவிடமாட்டோம், அம்மை போட்ட வீட்டை ஒதுக்குகிற மாதிரி. "இன்னைக்கு அவளுக்கு உடம்பு வரல," என்று மட்டும் சொல்வோம். அது எப்படி வருகிறது என்று எந்தக் கோச்சைக் கேட்டாலும் தெரியாது என்பார்கள். எனக்குத் தெரியும். பதினோரு வருஷம் அந்த முதுகுகளைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். பிள்ளை குதித்து எழும்பும் அந்தக் கணத்தில் உலகத்தில் அதற்கு வேறு எதுவும் கிடையாது. காலுக்குக் கீழே தரை இல்லை, கண்ணுக்கு முன்னால் யாரும் இல்லை. முதுகில் படுகிற கை ஒன்றுதான்.

டீமுக்கு இரண்டாம் லெவல் பயிற்சி, தனியாக அந்தர்பல்டி பயிற்சி என்று ஓக்லி இரண்டும் செய்துகொண்டிருந்தாள். அடுத்த வருஷம் ஐந்தாம் லெவலுக்குப் போக வேண்டும் என்று ஷௌனாவுக்கு ஆசை. செவ்வாயும் வெள்ளியும் ஓக்லி என்னிடம் வருவாள். டிசம்பர் முதல் வாரம், எப்போதும் தொடுகிற நேரத்தைவிட ஒரு இமைப்பொழுது தாமதமாகத் தொட்டேன். அவ்வளவுதான். அவள் சரியாகத்தான் இறங்கினாள், ஆனால் திரும்பி என்னைப் பார்த்தாள். "நல்லா இருந்துச்சும்மா," என்றேன். அடுத்த தடவை சரியான நேரத்தில் தொட்டேன். அதற்கடுத்தது கொஞ்சம் தள்ளித் தொட்டேன். எப்போது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாமல் போக வேண்டும், அதுதான் முக்கியம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷௌனா ஃபோனில் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த வீடியோக்களை வாங்கிப் பாருங்கள். அன்பாகக் கை கொடுக்கிற ஒரு கோச்தான் தெரிவாள்.

பிறகு கேட்கத் தொடங்கினேன். ஒவ்வொரு முறை அவள் கையைத் தூக்கி நிற்கும்போதும், பக்கத்தில் குனிந்து, "இன்னைக்கு நிச்சயமாப் போறியா கண்ணு?" என்பேன். வேறு எதுவும் இல்லை. ஒருநாள் அவளே, "ஏன் கோச் தினமும் கேக்கறீங்க?" என்றாள். பயமா இருக்கா என்று கேட்டேன். மெத்தையின் மேல் நின்றுகொண்டு அந்தச் சொல்லை அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் கைகள் தாமாகக் கீழே இறங்கின.

ஓக்லஹோமாவில் ஒரு பெண் பாதிப் பல்டியில் மனசு மாறி நிறுத்திக் கழுத்தில் விழுந்தாள், இன்னும் கண் திறக்கவில்லை என்றும் சொன்னேன். அப்படி ஒரு பெண் இல்லை. ஆனால் இருக்க முடியாதது அல்ல.

ஜனவரி கடைசியில் அவளிடமிருந்து அந்தர்பல்டி போய்விட்டது. கை ஊன்றியது மட்டும் மிஞ்சியது. அந்த ஒரு வாரம் எனக்கு நிம்மதியாக இருந்தது. உண்மையிலேயே இரண்டாம் லெவல் பிள்ளையாக அவள் இரண்டாம் லெவலில் நின்றாள். ட்ரூடியின் பொய், ஷௌனாவின் பொய் இரண்டையும் நான் மெய்யாக்கிவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நான் நிறுத்திவிட்டேன். சத்தியமாக, அந்த வாரம் எல்லா முறையும் சரியான நேரத்தில் தொட்டேன். ஆனால் அந்தச் சங்கதி நாம் சொன்ன இடத்தில் வந்து நிற்பதில்லை. பிப்ரவரியில் கை ஊன்றியதும் போயிற்று. பாட்டு ஓடும், ஐந்து ஆறு ஏழு எட்டு என்று எண்ணுவார்கள், மற்றவர்கள் எல்லோரும் பின்னால் போவார்கள், அவள் மட்டும் கையைத் தூக்கியபடி நடுவில் நிற்பாள்.

ஷௌனா கண்ணாடியைத் தட்டிக் கத்துவாள். "நேத்துவரைக்கும் தண்ணி குடிக்கிற மாதிரி அடிச்சியேடி. என்னடி ஆச்சு உனக்கு? யாருக்காக இவ்ளோ தூரம் வண்டி ஓட்டிட்டு வர்றேன்?"

"உடம்பு போகமாட்டேங்குதும்மா," என்பாள் ஓக்லி. அதைத் தவிர அவளுக்கு வேறு சொல்லத் தெரியவில்லை.

பல் டாக்டரிடம் நாற்காலியைச் சாய்த்தபோது இறங்கி ஓடிவிட்டாளாம். தலை அலசப் பின்னால் சாயமாட்டாளாம். ராத்திரி சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குகிறாள் என்று ஷௌனா என்னிடம்தான் வந்து சொல்லி அழுதாள். ஜிம்மில் உன் ஒருத்தியத்தான் அவ நம்பறா நெல், நீயே ஏதாச்சும் பண்ணு என்றாள். நான் அவளைத் தட்டிக்கொடுத்தேன்.

மரிசெல்லுக்கு இடம் கிடைத்தது. மார்ச் மாதம் சான் அன்டோனியோவில் அவள் மெத்தையில் ஏறினாள். நாங்கள் ஏழாவதாக வந்தோம். அவள் அம்மா பஸ் ஹாரன் மாதிரி ஒரு சத்தம் கொடுத்தாள். அந்த நாளை நீங்கள் பார்த்திருந்தால் என்னை இப்படிப் பார்க்கமாட்டீர்கள்.

சரி, புல்தரைக்கு வருகிறேன். அன்றைக்கு ஷௌனா மிரட்டினாள், உண்மை. பயந்துகொண்டே ஓக்லி குதித்தாள், அதுவும் உண்மை. முழுசாகப் போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, அவள் உடம்புக்கு வழி தெரியும். பாதியில் நிறுத்தினாள். நிறுத்தினால் கழுத்தில்தான் விழுவாய் என்று அவளுக்குச் சொன்னது நான். சொன்னதை உடம்பு கேட்டது. ஆகையால் எழுதிக்கொள்ளுங்கள்: ஷௌனா செய்யவில்லை. நான் செய்தேன். அவளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

இடது கை இனிமேல் அசையுமா என்று டாக்டர்களுக்கே தெரியவில்லை என்கிறீர்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஒரு பூங்கொத்து அனுப்பியிருக்கிறேன், பேர் போடாமல்.

நீங்கள் ஓக்லியைப் பற்றி மட்டுமே கேட்டீர்கள். மரிசெல்லையும் கேட்டிருக்கலாம். போன செவ்வாய்க்கிழமை யாரும் சொல்லிக்கொடுக்காமலே அந்தர்பல்டி ஒன்று அடித்துவிட்டாள். ஜிம்மே கை தட்டியது. அவளை இன்னும் ஒரு வருஷம் இரண்டாம் லெவலிலேயே வைத்துக்கொள்ளப்போவதாக ட்ரூடி அப்போதே என் காதில் சொன்னாள். எனக்கு அந்தப் பிள்ளையை மிகவும் பிடிக்கும். ஆனால் நான் ஓரவஞ்சனை பார்க்கிறவள் இல்லை. வெள்ளிக்கிழமையே அவளிடமும் ஆரம்பித்துவிட்டேன்.