எட்டாவது சொட்டு

லாசரஸ்: நாலு. மறுபடியும் நாலு சொட்டுதான், பிரிஜட்.

பிரிஜட்: முந்தாநாளும் நாலுதானே சொன்னீங்க?

லாசரஸ்: அது பழைய மூட்டை கடலுப்பு. இது புது மூட்டை. நேத்து வாளித் தண்ணில கலக்கி, பம்ப் போட்டு, ஒரு நாள் முழுக்க ஓடியிருக்கு. எட்டு வரணும். நாலுல நிக்குது.

பிரிஜட்: எட்டு வரலைன்னா என்ன?

லாசரஸ்: டேங்குல வளர்ற பவளம், கோரலெல்லாம் செத்துப்போகும்லா! அல்கலினிட்டி, அல்கலினிட்டின்னு எத்தனை தடவை சொல்றது உனக்கு? தண்ணில அந்தக் காரத்தன்மை சரியா இருந்தாத்தான் கோரல் எலும்பு கட்டும். இங்க வந்து பாரு... மூணு நாளா வாயைத் திறக்கல.

பிரிஜட்: மூணு நாளா நீங்களும்தான் வாயைத் திறக்கல. ஆக்கின சோறெல்லாம் அப்படியே கிடக்கு.

லாசரஸ்: விளையாடாத. மணி என்ன?

பிரிஜட்: பன்னெண்டே கால்.

லாசரஸ்: ரெண்டு மணிக்கு நான் பஸ்ஸை எடுக்கணும். அதுக்குள்ள இந்த வாளித் தண்ணியைச் சரி பண்ணி டேங்குல மாத்தணும்.

பிரிஜட்: உடம்பு சரியில்லைன்னு இன்னைக்கு எம்.சி. லீவு போடுங்களேன்.

லாசரஸ்: என்னன்னு போடறது? மீன் தொட்டிக்கு உடம்பு சரியில்லைன்னா? சிரிப்பாங்க.

பிரிஜட்: சிரிக்கட்டும். நீங்க போகாதீங்க...

லாசரஸ்: பதினேழு வருஷமா பஸ் ஓட்டறேன். ஒரு நாளும் இந்த மாதிரி சாக்குச் சொன்னதில்ல... ஏன், உன் கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?

பிரிஜட்: பாத்திரம் கழுவினேன்... சரி, சொல்லுங்க. எங்க தப்புன்னு ஒண்ணொண்ணா பார்ப்போம். உப்புல ஈரம் ஏறிடுச்சா?

லாசரஸ்: ஒரு கட்டி கூட இல்ல. மூட்டையை நல்லா உருட்டிப் புரட்டித்தான் அள்ளினேன்.

பிரிஜட்: தண்ணி?

லாசரஸ்: குழாய்த் தண்ணி. மருந்து வாடை போகட்டும்னு ஒரு நாள் வச்சிருந்து...

பிரிஜட்: சீக்கிரம் கரையட்டும்னு சுடுதண்ணி ஊத்தினீங்களா?

லாசரஸ்: ஒரே ஒரு தடவை, ஆரம்பத்துல. அடியில சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா படிஞ்சுபோச்சு. அதுலதான் அல்கலினிட்டி எல்லாம் போயிடும்னு மீன் கடை ரவூப் திட்டினான். அதுக்கப்புறம் பச்சைத் தண்ணிதான். முதல்ல தண்ணி, அப்புறம் உப்பு, கொஞ்சம் கொஞ்சமா. இந்தா, வாளி அடியைத் தடவிப் பாரு.

பிரிஜட்: வழவழன்னு சுத்தமாத்தான் இருக்கு... அப்போ இந்தச் சொட்டு மருந்து பழசா?

லாசரஸ்: தேதி போட்டிருக்கான். நீயே படி.

பிரிஜட்: எண்பத்தொன்பது டிசம்பர் வரைக்கும் நல்லது. இன்னும் ஒண்ணரை வருஷம் கிடக்கு.

லாசரஸ்: அதான் எனக்குப் புரியல. போன வாரம் இதே பாட்டிலையும் பழைய மூட்டை உப்பு கலந்த தண்ணியையும் ரவூப் கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். அவன் சொட்டு விட்டுப் பார்த்தான். எட்டுங்கறான்.

பிரிஜட்: அவர் பார்த்தா எட்டு. நீங்க பார்த்தா நாலு.

லாசரஸ்: பொய் சொல்றான். அவன் கடை உப்பு. சரியில்லைன்னு அவனே சொல்லுவானா?

பிரிஜட்: நாலு வந்தப்பல்லாம் நீங்க என்ன பண்ணினீங்க?

லாசரஸ்: டேங்குல உன் ஆப்ப சோடாவைப் போட்டேன். அது போட்டா ஏறும்.

பிரிஜட்: அதான் டப்பா காலியா! நான் என் ஞாபகத்தைத் திட்டிக்கிட்டு இருந்தேன்... எவ்வளவு போட்டீங்க?

லாசரஸ்: எட்டு வர்ற வரைக்கும்.

பிரிஜட்: அந்த டியூபைக் குடுங்க.

லாசரஸ்: எதுக்கு?

பிரிஜட்: நான் சொட்டு விடறேன். நீங்க பக்கத்துல நின்னு பாருங்க.

லாசரஸ்: உனக்கு இதெல்லாம் தெரியாது...

பிரிஜட்: இருபது வருஷமா குழம்புக்கு உப்புப் போடறவளுக்கு இது தெரியாதா? நீலமா இருக்கறது மஞ்சளாகணும், அவ்வளவுதானே?

லாசரஸ்: ம். கோடு வரைக்கும் தண்ணி எடு. ஒவ்வொரு சொட்டுக்கும் ஆட்டு. ரெண்டு சொட்டு சேர்ந்து விழுந்துடக் கூடாது.

பிரிஜட்: ஒண்ணு. ரெண்டு. மூணு...

லாசரஸ்: மெதுவா.

பிரிஜட்: நாலு.

லாசரஸ்: நிறுத்து! பார்த்தியா? மஞ்சள்.

பிரிஜட்: நீலங்க.

லாசரஸ்: என்னது?

பிரிஜட்: இன்னும் நீலமாத்தான் இருக்கு.

லாசரஸ்: விளையாடாதன்னு சொன்னேன்ல? ஹால்ல வெளிச்சம் பத்தல. ஜன்னல்கிட்ட வா... ம். இப்பப் பாரு.

பிரிஜட்: இங்கயும் நீலம்தான். நம்ம மாதா படத்துல அந்த முக்காடு இருக்கே, அந்த நீலம்.

லாசரஸ்: மாதா மேல சத்தியமா?

பிரிஜட்: சத்தியமா. விடட்டுமா?

லாசரஸ்: ...விடு.

பிரிஜட்: அஞ்சு. நீலம். ஆறு. நீலம். ஏழு... நீலம்தான். எட்டு.

லாசரஸ்: எட்டு?

பிரிஜட்: இப்பத்தாங்க மஞ்சளாச்சு. பளிச்னு மாறிடுச்சு. உங்களுக்குத் தெரியலையா?

லாசரஸ்: எனக்கு... நாலுக்கும் எட்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியல.

பிரிஜட்: டேங்க் தண்ணியையும் பார்த்துடலாம்.

லாசரஸ்: வேண்டாம், பிரிஜட்.

பிரிஜட்: பார்க்கணும்ங்க... எட்டு விட்டாச்சு. நீலம். பத்து. பன்னெண்டு...

லாசரஸ்: போதும். நிறுத்து.

பிரிஜட்: பதினாறு. இப்பத்தான் மஞ்சள்.

லாசரஸ்: ரெண்டு மடங்கு... நல்லா இருந்த தண்ணில சோடாவை அள்ளி அள்ளிக் கொட்டி... நானேதான் இதுங்களைக் கொன்னுட்டு இருந்தேனா?

பிரிஜட்: இன்னும் சாகல. வாளித் தண்ணில எதையும் போடாம, தினம் கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க. இறங்கிடும். கோரல் கிடக்கட்டும்... உங்க கண்ணுக்கு என்ன?

லாசரஸ்: தூக்கம் பத்தல.

பிரிஜட்: என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க. எனக்குப் பயமா இருக்கு.

லாசரஸ்: பிப்ரவரில டாக்டர்கிட்டப் போனேன். ரெண்டு கண்ணுலயும் புரைன்னாரு. அதான் எல்லாம் மஞ்சளடிச்சுத் தெரியுதாம். ஆபரேஷன் பண்ணணும், அதுவரைக்கும் பஸ் ஓட்டக்கூடாதுன்னு...

பிரிஜட்: பிப்ரவரியா? இப்ப ஜூன்ங்க!

லாசரஸ்: கத்தாத. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

பிரிஜட்: நாலு மாசமா... ஏசுவே! ஸ்கூல் பிள்ளைங்க எத்தனை பேரு ஏறும் உங்க பஸ்ல...

லாசரஸ்: எங்கப்பாவுக்குக் கண்ணுல கத்தி வச்சாங்க. அதுக்கப்புறம் அவர் வெளிச்சத்தையே பார்க்கல. எனக்குப் பயம், பிரிஜட். அதை விடு... பஸ்ஸை விட்டு இறக்கிட்டாங்கன்னா நான் என்ன ஆளு?

பிரிஜட்: சிக்னல் எப்படிப் பார்க்கறீங்க?

லாசரஸ்: மேல எரிஞ்சா சிவப்பு. கீழ எரிஞ்சா பச்சை. எதிர் வெயில் அடிச்சாக் கொஞ்சம் கஷ்டம்... முன்னாடி வண்டி நின்னா நானும் நின்னுடுவேன்.

பிரிஜட்: முன்னாடி வண்டி இல்லைன்னா? யூனிஃபார்மைக் கழட்டுங்க. நான் உங்க ஆபீசுக்குப் போன் பண்றேன்.

லாசரஸ்: போனை வை! ஒரு மாசம் டைம் குடு, போதும். அந்த ரூட்டு எனக்கு மனப்பாடம். எங்க திரும்பணும், எங்க நிக்கணும், கண்ணை மூடிட்டே...

பிரிஜட்: அந்த மாதிரி பேசாதீங்க!

லாசரஸ்: சரி, சரி... யாரு உன்கிட்டப் போட்டுக் குடுத்தது? ரவூப்பா?

பிரிஜட்: யாரும் இல்ல.

லாசரஸ்: அப்போ ஏன் காலைலேர்ந்து போகாதீங்க, போகாதீங்கன்னு உயிரை வாங்கற? சொட்டை எண்ணறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்ட.

பிரிஜட்: மனசு சரியில்ல...

லாசரஸ்: பயப்படாத, புள்ள. கலர்லதான் தகராறு. தூரம் கொஞ்சம் கலங்கல். கிட்டக்க எல்லாம் சுத்தமாத் தெரியும். என் பஸ்ல ஏறுற ஒவ்வொருத்தர் முகத்தையும் நான் பார்க்கறேன்லா?

பிரிஜட்: நேத்து நீங்க சாப்பாட்டை மறந்துட்டுப் போயிட்டீங்க. குடுக்கலாம்னு மூணு மணிக்கு பிடோக் மார்க்கெட் ஸ்டாப்புல உங்க பஸ்ல ஏறினேங்க. சும்மா சீண்டலாம்னு பேசாம பக்கத்துல நின்னு, காசைப் பெட்டியில போட்டுட்டு, உங்களைப் பார்த்துச் சிரிச்சேன். நீங்க என் முகத்தை நேரா பார்த்து, “மூவ் இன் ப்ளீஸ், மேடம்”னு சொன்னீங்க.