எட்டுக்கு அப்புறம் ஒரு கைதட்டு

தையல்காரர்: கையைத் தூக்குங்க மாமா... இன்னும் கொஞ்சம். நாப்பத்தி நாலு! போன வருஷம் நாப்பத்தி ரெண்டு இருந்தீங்க.

டிரைவர்: நாள் பூரா பஸ்ஸுல உட்கார்ந்தே இருக்கிறவனுக்கு வேற எது வளரும்? டேப்பை இறுக்காதே மாப்ளே, மூச்சு முட்டுது.

தையல்காரர்: குரல் ஏன் இப்படிக் கரகரன்னு இருக்கு? அக்காகூட சண்டையா?

டிரைவர்: உங்க அக்காகிட்ட என் குரல் எப்போ எழும்பியிருக்கு? தூசி... ரோடு வேலை நடக்குது இல்ல.

தையல்காரர்: பத்து நாளாவா தூசி? ஞாயித்துக்கிழமை நாமளே ஆரம்பிச்ச புது டீமோட முதல் மேட்ச். நீங்க நம்பர் கூப்பிடலேன்னா கேலரி ஊமையாயிடும்.

டிரைவர்: கேலரியா? நாலு படிக்கட்டு. அதுல ஒண்ணு உடைஞ்சு கிடக்கு.

தையல்காரர்: இருக்கட்டும். நம்மளுது. கம்பெனிக்காரன் நம்ம பழைய டீமை வாங்கி, ஊருக்கு வெளியே கண்ணாடி மாளிகை கட்டி, பெரிய லீக்ல சேர்த்துட்டான். அங்க ஒரு டிக்கெட்டுக்கு நான் பதினாலு பேன்ட் தைக்கணும். நம்ம படிக்கட்டு இலவசம்.

டிரைவர்: பதினாலா? பத்துன்னுதானே சொன்னாங்க?

தையல்காரர்: பத்து... கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி. ஓரத்துல உட்கார்ந்தா பதினாலாம். பேசிக்கிறாங்க. ம்... திரும்புங்க, தோள் அளக்கணும்.

டிரைவர்: சனிக்கிழமை வந்தேன், கடை பூட்டியிருந்துச்சு.

தையல்காரர்: நூல் வாங்கப் போனேன். பச்சை நூல் கிடைக்கல. சரி, ஒரு விஷயம் கேட்கணும். பத்து ஜெர்சி வெட்டிட்டேன். ஒன்பதாம் நம்பர் வெட்டட்டுமா, வேண்டாமா?

டிரைவர்: வேண்டாம்.

தையல்காரர்: அவசரப்படாதீங்க. புதுப் பையன் ஒருத்தன் கேட்கிறான். நல்லா அடிக்கிறான். அவனுக்கு நம்ம கதை தெரியாது.

டிரைவர்: சொல்லிடு. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி நம்ம ஒன்பது, பாதி சீசன்ல, காசைப் பார்த்ததும் பெரிய டீமுக்கு ஓடிட்டான். அன்னிலேர்ந்து நான் நம்பர் கூப்பிடும்போது ஒன்பதைச் சொல்றதில்ல. எட்டுன்னு கத்துவேன், எல்லாரும் 'நம்மாளு'ன்னு கத்துவாங்க. அப்புறம் ஒரே ஒரு கைதட்டு. அடுத்தது பத்து. ஒன்பது நம்மாளு இல்ல. அவ்வளவுதான்.

தையல்காரர்: நீங்க ஆரம்பிச்சு வச்சதுதானே.

டிரைவர்: ஆமா. நான்தான்.

தையல்காரர்: சரி, தள்ளி வைக்கிறேன். துணி மிச்சம் இருக்கு. நல்ல துணி மாமா, தொட்டுப் பாருங்க. பேர் சொல்லாம எந்த மகராசனோ துணிக்கடையில பணம் கட்டிட்டுப் போயிருக்கான். கோல் வலைக்கும் அவனேதான்.

டிரைவர்: யாரா இருந்தா என்ன... தைக்கிற வேலையைப் பாரு.

தையல்காரர்: இன்னிக்கு ஆறு மணிக்குக் கூட்டம். ஞாபகம் இருக்கா?

டிரைவர்: எதுக்கு?

தையல்காரர்: எதுக்கா? பழைய கிரவுண்ட் கேட்ல நின்னு முன்னூத்தி பதினேழு பேர் சத்தியம் பண்ணோம். அந்தப் புது ஸ்டேடியத்துல காலை வைக்க மாட்டோம், அந்தக் கம்பெனிக்காரனுக்கு நம்மால எந்தப் பிரயோஜனமும் இருக்காதுன்னு. மீறினவங்க பேரை நோட்டுல அடிக்கணும். நோட்டு என்கிட்டதானே இருக்கு.

டிரைவர்: போன மாசம் மருந்துக்கடைக்காரர் பேரை அடிச்சியே... மனுஷன் அழுதுட்டார்.

தையல்காரர்: பேரனைக் கூட்டிட்டுப் போனாராம். அதுக்காக விட முடியுமா? நீங்கதானே 'அடி'ன்னு முதல்ல கை தூக்குனீங்க.

டிரைவர்: தூக்கினேன்... இன்னிக்கு யார் பேரு?

தையல்காரர்: உட்காருங்க மாமா. அந்த ஸ்டூல்ல துணி இருக்கு, இதுல உட்காருங்க.

டிரைவர்: நிக்கிறேன். சொல்லு.

தையல்காரர்: புது ஸ்டேடியத்துல வந்து உட்கார்றவன் கத்துறதில்ல. போனைப் பார்த்துட்டு இருக்கான். சத்தமே இல்லாம மேட்ச் நடந்தா அசிங்கமா இருக்குன்னு, ஸ்பீக்கர்ல கூட்டத்தோட சத்தத்தைப் போடுறாங்க.

டிரைவர்: அப்படியா...

தையல்காரர்: சனிக்கிழமை மேட்ச் தொடங்கும்போது ஒரு குரல் நம்பர் கூப்பிட்டுச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு... எட்டு. அப்புறம் ஒரு கைதட்டு. அப்புறம் பத்து.

டிரைவர்: ஒன்பதைச் சொல்லலியா?

தையல்காரர்: அவங்க டீம்ல ஒன்பதாம் நம்பர்தான் மாமா பெரிய ஸ்டார். கோடி கோடியா கொட்டி வாங்கினவன். அவனை விட்டுட்டுப் போகுது ஸ்பீக்கர். அவன் மேலே பார்த்து முழிக்கிறான்.

டிரைவர்: சிரிக்காதே மாப்ளே.

தையல்காரர்: நான் சிரிக்கல. நீங்கதான் சிரிக்கிறீங்க.

டிரைவர்: சிரிப்பு இல்லடா இது... தண்ணி இருக்கா?

தையல்காரர்: இந்தாங்க. மெதுவா.

டிரைவர்: ஸ்டேடியத்துக்காரங்க டிப்போவுக்கே வந்தாங்க. மரியாதையா 'சார்'னாங்க. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டின ஒரு ரூம்ல நிறுத்தி, காதுல ஹெட்போன் மாட்டிவிட்டாங்க. நம்மாளுன்னு பதில் சொல்ல நாலு கூலி ஆளுங்க. மூணு மணி நேரம் கத்தினேன். ஜெயிச்சா போட ஒண்ணு, தோத்தா போட ஒண்ணு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பொண்ணு, 'சார், இன்னும் கொஞ்சம் சோகமா'ங்குது. எனக்குச் சொல்லித் தர்றா, சோகத்தை!

தையல்காரர்: ஒன்பதைச் சொல்லச் சொல்லலியா?

டிரைவர்: சொன்னா. மூணு தடவை சொன்னா. வாய் வரல. கை தட்டிட்டேன். 'நல்லா இருக்கு, அப்படியே இருக்கட்டும்'னுட்டாங்க.

தையல்காரர்: ஏன் மாமா? பணத்துக்கா?

டிரைவர்: பணம் உன் மேஜை மேல கிடக்கு. பச்சைத் துணியா.

தையல்காரர்: ...நீங்களா அந்த மகராசன்?

டிரைவர்: உடனே மாலை போடாதே. துணியும் வலையும் நான் அப்புறம் யோசிச்சது, மனசு உறுத்துச்சு, அதனால. போகும்போது எனக்கு அந்த நினைப்பு இல்ல. அந்தப் பச்சைச் சட்டையை முப்பது வருஷம் பார்த்தவன் நான். அவங்க பெரிய லீக்ல ஆடணும்னு எத்தனை நாள் ஏங்கியிருப்போம்? இப்போ ஆடுறாங்க, நான் வெளியே நிக்கிறேன். நான் போகலேன்னாலும் என் குரலாவது உள்ளே போகட்டுமேன்னு... அப்படித்தான் தோணுச்சு. வெட்கமா இருக்கு.

தையல்காரர்: ம்.

டிரைவர்: நோட்டை எடு. என் பேரை அடி. ஞாயித்துக்கிழமை வேற யாராவது கூப்பிடட்டும். இந்த ஜெர்சியும் எனக்கு வேண்டாம்.

தையல்காரர்: நாப்பத்தி நாலு வேற எவனுக்கும் பொருந்தாது.

டிரைவர்: விளையாடாதே. ஒன்பதையும் வெட்டிடு. அந்தப் பையனுக்குக் கொடு. ஒருத்தன் காசு பார்த்துப் போனான்னு பத்தொன்பது வருஷம் கை தட்டி விரட்டினேன். எனக்கு என்ன யோக்கியதை?

தையல்காரர்: ஒன்பதை வெட்டுறேன். நோட்டை மட்டும்... அப்புறம் பார்க்கலாம் மாமா.

டிரைவர்: என்ன அப்புறம்? மருந்துக்கடைக்காரருக்கு ஒரு நியாயம், உன் அக்கா புருஷனுக்கு ஒரு நியாயமா? கூட்டத்துல உன்னைத்தான் கேட்பாங்க.

தையல்காரர்: கேட்கட்டும்.

டிரைவர்: இரு... சனிக்கிழமை நானும் டிவிக்குப் பக்கத்துல காதை வச்சுக் கேட்டேன். என் குரலை ஒரு தடவையாவது கேட்கணும்னு. விளம்பரம் முடிஞ்சதும் நேரா பந்தைக் காட்டினான். நம்பர் கூப்பிடுற இடமே வரல.

தையல்காரர்: டிவிக்கு டிவி மாறும்...

டிரைவர்: டிவிக்கு டிவி மாறுமா? அவன் மேலே பார்த்து முழிச்சானே, அதை எந்த டிவியில பார்த்தே? உனக்கு யார் சொன்னா? சொல்லு மாப்ளே.

தையல்காரர்: மாமா, அந்த நோட்டுல உங்க பேரை அடிக்கிறதா இருந்தா, ரெண்டு பேரை அடிக்கணும்.

டிரைவர்: ரெண்டா? இன்னொருத்தன் யாரு?

தையல்காரர்: ஓரத்து சீட், மேல இருந்து மூணாவது வரிசை, பதினாலு பேன்ட் காசு. எட்டுக்கு அப்புறம் உங்க கைதட்டு கேட்டதும் என் கையும் தானா தட்டிடுச்சு மாமா... அத்தனை கூட்டத்துல நான் ஒருத்தன்தான்.