இரண்டு ஓட்டம் வெட்ட வேண்டிய ஷீட்

தடித்த வினைல் ஷீட்டை ஒரே ஓட்டத்தில் வெட்டிவிடலாம் என்று நினைக்கிறவன் வாழ்க்கையில் எதையும் ஒழுங்காக வெட்டியிருக்க மாட்டான். என் சகலை அப்படித்தான் நினைத்தான். நீங்களும் நினைப்பீர்கள். உட்கார்ந்து செய்கிற வேலை எல்லாமே சுலபம் என்று நாற்காலியில் இருப்பவர்களுக்கு ஒரு எண்ணம் உண்டு.

போன வாரம் ஸ்டேஷனில் உங்கள் மேசைக்கு முன்னால் என்னை நிற்க வைத்து எழுதிக்கொண்ட வாக்குமூலத்தில் பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். வேறு காரணம் எதுவும் தேட வேண்டாம்.

இருபத்தாறு வருடம் சரக்குக் கிடங்கில் மூட்டை இறக்கினேன். வலது முழங்கால் தேய்ந்ததும் கிடங்கு என்னைக் கழற்றிவிட்டது. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், அதாவது என் சகலை, வீட்டு முன்னறையில் சட்டைகளுக்கு எழுத்தும் படமும் ஒட்டிக் கொடுக்கும் தொழில் வைத்திருந்தான். பெரிய ரொட்டி டப்பா அளவுக்கு ஒரு வெட்டும் இயந்திரம், சூடு வைக்கிற அழுத்தி ஒன்று, வாசலில் ‘டிசைனர்’ என்று ஒரு பலகை. என்னைவிடப் பத்து வயது இளையவன். வாய்க்கு வாய் அண்ணே என்பான். அண்ணே, இந்தக் குப்பைய அள்ளுங்க. அண்ணே, டீ ஆறிப்போச்சு, சூடு பண்ணிக் கொண்டாங்க. மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். "வெயில் இல்ல, மூட்டை இல்ல. தங்கச்சி வீட்டுல உக்காந்து வேலை பாக்க உங்களுக்கு வலிக்குதா?" என்றாள். மூட்டை தூக்குகிறவனுக்கு வலி என்றால் என்ன என்று தெரியும். இது வலி இல்லை.

என் வேலைக்குப் பெயர் உரிப்பு. இயந்திரம் வெட்டி முடித்ததும் எழுத்தைச் சுற்றி இருப்பதையும் எழுத்தின் வயிற்றுக்குள் இருப்பதையும் கொக்கி ஊசியால் கிள்ளி எடுக்க வேண்டும். மிச்சம் நிற்பதுதான் எழுத்து. பிறகு அதைத் துணியில் கவிழ்த்துச் சூடு வைப்பார்கள். கவிழ்ப்பதால், கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றித்தான் வெட்ட வேண்டும். நான் எழுத்து கற்றுக்கொண்டது அப்படித்தான், நாற்பத்தெட்டு வயதில், திருப்பிப் போட்டு. ஓர் எழுத்தின் வயிற்றை இருநூறு தடவை கிள்ளியவனுக்கு அது மறக்காது. துணியில் ஒட்டிய பிறகு நேர்முகமாக ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். எட்டாவது மாதத்தில் ஷீட் சுருள்களின் உறையில் இருப்பதைக் கூட்டிப் படிக்க வந்துவிட்டது. சகலையிடம் சொல்லவில்லை. அவன் கேட்கவுமில்லை.

மலையைக் குடைந்து ரயில் பாதை போடுகிற இடத்திலிருந்து முப்பது மேல்சட்டைக்கு ஒரு வேலை வந்தது. ஆரஞ்சு நிறத்தில் வெறும் துணிச் சட்டைகளை அவர்களே கொடுத்துவிட்டார்கள். அதில் முதுகுக்கு இரண்டு பட்டையும் நடுவில் கம்பெனி பெயரும் ரிஃப்ளெக்டர் ஷீட்டில் ஒட்ட வேண்டும். குகைக்குள் வண்டி விளக்கு பட்டால் அந்த ஷீட் வெள்ளையாக எரியும். முன்னால் ஆள் நிற்கிறான் என்று ஓட்டுநருக்குத் தெரியும். ஷீட் செருப்புத் தோல் மாதிரி தடிமன். வாழ்த்து அட்டையும் குழந்தைகள் பனியனும் வெட்டுவதற்கு என்று செய்த வீட்டு இயந்திரத்தில் அதை வெட்ட வேண்டும்.

சகலை கத்தியின் அழுத்தத்தை உச்சத்துக்கு ஏற்றினான். மூளை கம்மியாக இருக்கிறவன் எதையும் அழுத்தித்தான் சரிசெய்வான். முதல் ஷீட் அடித்தாளோடு சேர்ந்து கிழிந்தது. இரண்டாவது, ஷீட்டை இயந்திரத்துக்குள் கொண்டுபோகிற ஒட்டும் பாயிலிருந்து வழுக்கி உருளைக்குள் சுருண்டுகொண்டது. மூன்றாவதில் கத்தி பாதியில் நின்று முனகியது. நான்காம் நாள் ஷீட்டே போலி என்று தீர்ப்பு சொன்னான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடப் போவதாகச் சொல்லிவிட்டுச் சாப்பிட்டுப் படுத்துவிட்டான். கொழுந்தியாள் அடுக்களையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

அவன் எழுந்திருப்பதற்குள் நான் வெட்டினேன். அதைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். புதுக் கத்தி போட வேண்டும். பளபளப்பான அடித்தாள் கீழே இருக்க வேண்டும். பாயில் ஷீட்டை ஒட்டி நான்கு ஓரத்திலும் டேப் போட வேண்டும். உருளைக் கம்பியில் இருக்கிற வெள்ளை வளையங்களை ஓரத்துக்குத் தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஷீட்டில் தடம் விழும். மூலையில் விரல்நகம் அளவுக்கு ஒரு சதுரம் வெட்டிச் சோதிக்க வேண்டும். அப்புறம், அழுத்தத்தைப் பாதியில் வைத்து, மெதுவாக ஓட விட வேண்டும். முடிந்ததும் பாயை வெளியே எடுக்கக் கூடாது. அதே தடத்தில் இன்னொரு ஓட்டம். முதல் ஓட்டம் வழி போடும், இரண்டாவது வழியில் நடக்கும். மூட்டை தூக்குகிறவனுக்கு இது புதிது இல்லை. ஒரே தம்மில் தூக்க முடியாததை முதலில் முழங்காலுக்கு ஏற்றி, பிறகு தோளுக்கு ஏற்றுவோம்.

சகலை எழுந்து வந்தபோது ஆறு சட்டைக்கான முதுகை உரித்து மேசையில் பரப்பியிருந்தேன். ஒன்றைத் தூக்கிப் பார்த்தான். "நான் வெச்ச அளவு சரியாத்தான் இருந்திருக்கு, பாத்தீங்களாண்ணே" என்றான். நான் அவனைத் திருத்தவில்லை. கழுதைக்கு உபதேசம் செய்து காது கெடுவானேன்.

முப்பதையும் வாங்கிப்போக அந்த இடத்தின் மேற்பார்வையாளர் நேரில் வந்தார். ஜன்னலைச் சாத்தச் சொல்லி, ஒவ்வொரு சட்டையாகக் கைவிளக்கை அடித்துப் பார்த்தார். அறை முழுக்க வெள்ளைத் தீ. யார் வெட்டியது என்று கேட்டார். நான்தான் சார், நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன் என்றான் சகலை. அவர் என் பக்கம் கையைக் காட்டினார்.

"இவரா? நம்ம அண்ணன்தான் சார். உரிச்சுக் குடுப்பாரு. எழுத்து தெரியாது, பாவம். அதுவும் ஒரு வகைல வசதிதான். எழுத்து தலகீழா இருந்தாலும் அவருக்குக் குழப்பம் வராது பாருங்க."

மேற்பார்வையாளர் சிரித்தார். கொழுந்தியாள் சிரித்தாள். தட்டில் டீ கொண்டுவந்த என் மனைவியும் சிரித்தாள். என் மனைவி சிரிப்பதை நான் அடிக்கடி பார்த்ததில்லை. நன்றாகத்தான் சிரித்தாள்.

மூன்று வாரம் கழித்து இன்னும் பன்னிரண்டு சட்டை வந்தது. புதிதாகச் சேர்ந்த ஆட்களுக்கு. சகலை என்னிடம் தள்ளிவிட்டு போனில் பேசப் போய்விட்டான்.

அலமாரியில் இரண்டு சுருள் இருந்தன. ஒன்று ரிஃப்ளெக்டர். இன்னொன்று குழந்தைகள் பனியனுக்குப் போடுகிற சாதாரணச் சாம்பல் நிற ஷீட். டியூப்லைட் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்கூட சகலை மாதிரி ஆளுக்கு வித்தியாசம் தெரியாது. விளக்கை நேராக அடித்தால்தான் தெரியும்: ஒன்று எரியும், இன்னொன்று செத்துக் கிடக்கும். உறையில் இருப்பதையும் படித்தேன். படித்துவிட்டுச் சாம்பல் ஷீட்டை எடுத்தேன். பன்னிரண்டு முதுகையும் அதில்தான் வெட்டினேன். மெல்லிய ஷீட் என்பதால் ஓர் ஓட்டமே போதும். உரிப்பிலும் சூட்டிலும் ஒரு குறை வைக்கவில்லை.

என் கணக்கு எளிமையானது. மேற்பார்வையாளர் வருவார், ஜன்னலைச் சாத்துவார், விளக்கை அடிப்பார். பன்னிரண்டு சட்டையும் கரியாகக் கிடக்கும். யார் வெட்டியது என்று கேட்பார். அந்த நேரத்தில் சகலையின் மூஞ்சி எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். என் மனைவியும் தட்டோடு நின்று பார்க்க வேண்டும். இதைப் பேராசை என்று யாரும் சொல்ல முடியாது.

மேற்பார்வையாளர் வரவில்லை. குகையில் தூசி அடங்கத் தண்ணீர் பீய்ச்சுகிற குழாய்க்காரர் ஒருவரை அனுப்பிவிட்டார். வந்தவருக்கு முப்பது வயது இருக்கும். புதிதாகச் சேர்ந்த பன்னிரண்டு பேரில் அவரும் ஒருவர். சகலை வீட்டில் இல்லை. நான் சட்டைக் கட்டை நீட்டினேன். வாங்கியவர் அங்கேயே பிரித்து ஒன்றை மாட்டிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"எப்படிண்ணே இருக்கு? மாப்பிள்ள மாதிரி இருக்கேனா?"

நன்றாக இருக்கிறது என்றேன்.

"உள்ள கும்மிருட்டுண்ணே. பின்னாடி வண்டி வந்தா தண்ணி சத்தத்துல ஒண்ணும் கேக்காது. இத நம்பித்தான் நிக்கணும். வண்டிக்காரன் கண்ணுக்குத் தெரியும்ல?"

"நல்லாத் தெரியும்" என்றேன்.

இதை நான் முதல் வாக்குமூலத்தில் சொல்லவில்லை. நீங்கள் கேட்கவில்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் என்ன ஆகியிருக்கும்? குழாய்க்காரர் சகலைக்காகக் காத்திருப்பார். சகலை வந்து, அண்ணனுக்கு எழுத்து தெரியாது, சுருளை மாற்றி எடுத்துவிட்டார், பாவம் என்று சொல்லிச் சிரிப்பான். அவரும் சிரிப்பார். இன்னொரு தடவை அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்கு மனமில்லை. அதோடு, ஒரு கைவிளக்கை எடுத்து அடித்துப் பார்க்கிற அறிவு அந்த இடத்தில் ஒருவனுக்காவது இருக்கும் என்றுதான் நினைத்தேன். இருக்காது என்று நான் எப்படி எதிர்பார்க்க முடியும்?

ஒன்பது நாள் போயிற்று. தினமும் காலையில் வேலைக்குப் போகும்போது, இன்றைக்கு அந்த மேற்பார்வையாளர் கத்திக்கொண்டு வருவார் என்று எதிர்பார்த்தேன். பத்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு, மண் அள்ளுகிற வண்டி பின்னால் வந்து குழாய்க்காரர்மேல் ஏறியது. முன்னால் எதுவுமே மின்னவில்லை, வெறும் இருட்டுதான் என்று ஓட்டுநர் சொன்னாராம். மற்ற பதினொரு பேரும் அதற்குப் பிறகும் இரண்டு நாள் அதே சட்டையோடு உள்ளே போய் வந்தார்கள். எனக்குத் தெரியும். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. செத்தவன் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அதில் விளக்கடித்துப் பார்க்க அத்தனை பெரிய கம்பெனிக்கு இரண்டு நாள் தேவைப்பட்டது என்றால், அது என் மடத்தனம் இல்லை.

நீங்கள் சகலையைக் கூட்டிப்போனீர்கள். மிச்சம் பிடிக்க மட்டமான ஷீட் போட்டான் என்று எழுதினீர்கள். என்னையும் கூப்பிட்டீர்கள். அங்கேதான் அந்த வேடிக்கை நடந்தது. சகலை உங்கள் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "சார், எனக்கு அந்தத் தடி ஷீட்ட வெட்டவே வராது சார். எல்லாம் அண்ணன்தான். மொத முப்பதும் அவருதான் வெட்டுனாரு. அவரக் கேளுங்க சார்" என்றான். நான் ஒரு வருடம் காத்திருந்த வார்த்தை அது. நாலு பேர் முன்னால் வந்தது. நீங்கள் என் காலையும் கையையும் ஒரு பார்வை பார்த்தீர்கள். ஓரமாக உட்கார்ந்திருந்த காவலர் சிரித்தார். பிறகு எழுதினீர்கள்: ‘உதவியாள், எழுத்தறிவு இல்லாதவர், பொருள்களின் வேறுபாடு அறியாதவர், முதலாளி சொன்னதைச் செய்தவர்.’ மைப்பெட்டியைத் தள்ளினீர்கள். நானும் பெருவிரலை வைத்தேன். நீங்கள் எழுதியதைத் தலைகீழாக, மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே படித்துவிட்டேன் என்பது உங்களுக்குத் தெரியாது.

கொழுந்தியாள் நேற்று வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். "மாமா, நீங்க ஒரு வார்த்த சொன்னா அவர விட்டுருவாங்க" என்றாள். அவளுக்காக இதை எழுதவில்லை. சகலை உள்ளே இருந்தாலும் எனக்கு ஒன்றுதான், வெளியே இருந்தாலும் ஒன்றுதான். குழாய்க்காரருக்காகவும் எழுதவில்லை, அவருக்கு இனி எழுதி ஆகப்போவது என்ன?

அந்த நாலு வரியை அடித்துவிடுங்கள். கொன்றான் என்று எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்க மாட்டேன். அறியாமல் செய்தான் என்று மட்டும் எழுதாதீர்கள். இரண்டு சுருளையும் படித்துப் பார்த்து, எது எரியும் எது எரியாது என்று தெரிந்துதான் எடுத்தேன். கேட்டவரிடம் தெரிந்துதான் பொய் சொன்னேன்.

சந்தேகம் இருந்தால் அந்தச் சட்டை உங்களிடம்தான் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். அவ்வளவு பெரிய வண்டி ஏறி இறங்கியிருக்கிறது. ஓர் எழுத்துகூடத் துணியை விட்டுக் கிளம்பவில்லை.