படுத்திருக்கும் உடம்பின் செலவு

எடை பார்க்கும் இயந்திரத்தைப் பாயின் மேல் வைக்கக் கூடாது, சார். வெறும் தரையில் வைக்க வேண்டும். பாய் அமுங்கினால் எடை தப்பாகக் காட்டும். நிறையப் பேருக்கு இது தெரியாது. என் நோட்டில் இருக்கும் எடைகள் எல்லாம் சிமெண்ட் தரையில் எடுத்தவை. நம்பலாம்.

அந்த நோட்டை வேணியின் அக்கா மலர்கொடி உங்களிடம் கொடுத்தது சரிதான். படித்தால் புரியாது என்பதால் நானே விளக்குகிறேன்.

வேணி என் மனைவி. நான்கு வருஷமாகப் பாடாலூரில், அக்காவின் இட்லிக் கடையில் இருந்தாள். சண்டை ஒன்றும் இல்லை. "உங்ககூட இருந்தா எப்பவும் கிளாஸ்ல உக்காந்த மாதிரியே இருக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அங்கே வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து, அக்கா வீட்டு மாடிப்படி ஏற முடியாததால்தான் அரியலூருக்கு என்னிடம் வந்தாள். வந்த அன்றே சொன்னாள்: "நடக்க ஆரம்பிச்சதும் பெரம்பலூர் பஸ்ஸப் புடிச்சு அக்காகிட்டயே போயிருவேன். தடுக்கக் கூடாது."

நான் தடுக்கவில்லை.

எடையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். கணக்கை நான் எடுத்துக்கொண்டேன். முப்பது வருஷம் சிமெண்ட் ஆலையில் உலை பார்த்தவன் நான். உற்பத்தி நின்ற நாளிலும் உலையின் சூட்டை விட்டுவிட மாட்டோம். ஒரு மூட்டை சிமெண்ட் வராது, ஆனாலும் கரி எரியும். உடம்பும் அப்படித்தான். அசையாமல் கிடந்தாலும் இதயம் அடிக்க, மூச்சு விட, சூடு காக்கச் செலவு உண்டு. ஐம்பத்தெட்டு கிலோ இருந்த வேணிக்கு அது ஆயிரத்து நூறு கலோரி. வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடப்பதற்கு இருநூறுகூட ஆகாது. சும்மா இருப்பதற்குத்தான் பெரிய செலவு. எத்தனை அழகான விஷயம், பாருங்கள்.

நோட்டில் அந்த ஆயிரத்து நூறை நான் எழுதவில்லை. நடைக்கு உரிய இருநூறும் மேலே கொஞ்சமும்தான் அவள் சாப்பாட்டுக் கணக்கு. காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டி சோறு, ராத்திரி ஒரு டம்ளர் கேழ்வரகுக் கஞ்சி.

"சும்மா படுத்திருக்கிற உடம்புக்கு என்ன செலவு?" என்றேன். எல்லோரும் நம்புவதுதான் அது. அவளும் நம்பினாள்.

"அப்ப நடந்தாத்தான் சோறா?" என்று சிரித்தாள்.

பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு எட்டிப் பார்த்து, "ஏன்டி வேணி, ஒம் புருசன் ரேஷன் கடைக்காரனையே தோக்கடிச்சிருவாரு போலருக்கே" என்றார்.

"அவரு கணக்கு தப்பாதுக்கா."

எடை குறைந்தால் சீக்கிரம் நடக்கலாம் என்ற ஆசையில் சில நாள் அவளே தட்டைத் தள்ளி வைத்தாள்.

மூன்றாம் மாதம் ஐம்பது கிலோ. சித்திரை வெயிலில் போர்வை கேட்டாள். உணவு குறைந்தால் உடம்பு தன் தீயைத் தானே தணித்துக்கொள்ளும், அதனால் குளிரும். படித்ததைக் கண்ணால் பார்த்தேன். போர்வை கொடுத்தேன்.

ஆறாம் மாதம் நாற்பத்தொன்று. பஸ்ஸைப் பற்றி அவள் பேசுவதில்லை. மலர்கொடி போன் செய்தால், தூங்குகிறாள் என்பேன். பாதி நேரம் அது உண்மை. அம்மாக்கண்ணு கொண்டுவந்த முட்டைக் குழம்பை வாசலிலேயே வாங்கி நான் சாப்பிட்டேன்.

தெரிந்தே செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. பஸ் நிறுத்தம் வரை நடக்க முடியாத எடை போதும் என்றிருந்தேன். அதைத் தாண்டிய பிறகும் நிறுத்த மனம் வரவில்லை, ஏனென்றால் அந்தச் சாயங்காலங்கள் நன்றாக இருந்தன. கட்டிலருகே உட்கார்ந்து, அரியலூர் ஒரு காலத்தில் கடலாக இருந்தது, அந்தக் கடலின் கிளிஞ்சல்தான் நம் சுண்ணாம்புக்கல் என்றெல்லாம் சொல்வேன். நான்கு வருஷம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தவை.

கடைசிப் பதினொரு நாள் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, சார். அவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.