ரஹ்மத் நகர் ஹோல்ட்

"கழுதையளப் பொறகு ரோட்டுல விடலாம் நானா. முதல்ல எங்கட ஊரப் போடு."

புத்தளத்திலிருந்து கற்பிட்டி போகும் பஸ்ஸில், எனக்கு முன் ஆசனத்தில் ஓர் அண்ணனும் தங்கையும். அவன் மடியில் லெப்டொப். பஸ் ஓட்டும் வீடியோ கேம் ஒன்றில் இந்தப் பாதையையே புதிதாகச் சேர்க்கும் மோட் ஒன்றைச் செய்ய அன்றுதான் தொடங்கியிருந்தார்கள். பஸ் தரிக்கும் ஒவ்வொரு ஹோல்ட்டுக்கும் பெயர் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

"காம்ப் எண்டு அடிச்சிட்டன்."

"அழி. ரஹ்மத் நகர் எண்டு போடு."

"ஆருக்கு விளங்கும்? எல்லாரும் காம்ப் எண்டுதானே சொல்றாங்க."

"மன்னாரிலிருந்து வாப்பா வந்தது அகதியா, காம்புக்கு. நான் பொறந்தது எங்கட சொந்த வளவுல. விளங்காதவன் விளையாட வேணாம்."

அவன் அழித்துவிட்டு எழுதினான்.

"காம்ப் இறக்கம்," என்று கொண்டக்டர் கத்தினார். பஸ் நின்றது. அண்ணன் எழுந்தான். தங்கை அசையவில்லை.

"தங்கச்சி, காம்ப் வந்திட்டுது," என்றார் கொண்டக்டர்.

"நாங்க ரஹ்மத் நகர்ல இறங்குற ஆக்கள்."

டிரைவர் ஹோர்ன் அடித்தார்.

"சரி, ரஹ்மத் நகர். இறங்குங்க," என்றார் கொண்டக்டர் மெல்ல.

"பின்னுக்கு இருக்கிறவங்களுக்குக் கேக்கல்ல," என்றாள், இருந்தபடியே.