பசி நினைவில்லத்துக்கு நான் செய்த தொண்டு

சிரிக்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். என் மனைவியையே அவள் சிரிப்பைக் கேட்டு மயங்கித்தான் கட்டினேன். இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள்கூட வெகுநேரமாக உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நிதி கொடுக்கிறவர்கள் முன்னால்தான் சிரிக்கக் கூடாது.

எண்பத்து மூன்றாம் வருஷத்துப் பஞ்சத்துக்கு எங்கள் ஊரில் ஒரு நினைவில்லம் கட்டுவது என்பது என் யோசனை. தபால் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்று சும்மா இருந்தேன், நானே செயலாளரானேன். தலைநகர் அக்ராவில் ஓர் அறக்கட்டளை கொஞ்சம் பணம் கொடுத்து, பஞ்சத்தைப் பார்த்தவர்களின் பேச்சைப் பதிவு செய்யச் சொன்னது. அது மனத்தைத் தொட்டால் கட்டடத்துக்கும் நிதி உண்டு.

அங்கேதான் வந்தது வினை. நாங்கள் ஹோமோவோ கொண்டாடுகிற ஜனங்கள். பசியைப் பார்த்து ஊளையிட்டுக் கேலி செய்வதற்கென்றே திருவிழா வைத்திருக்கிறோம். பெரியவர் லார்யேவைக் கேமரா முன்னால் உட்கார வைத்துப் பஞ்சத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அப்ப என் கழுத்தெலும்புக் குழியில மழைத்தண்ணி தேங்கும், தம்பி. அதுல என் பொண்டாட்டி சோப்புக் கரைப்பா."

புளித்த மக்காச்சோள மாவை உருண்டை பிடித்துக் கெங்கி அவித்து விற்கும் ஆன்ட்டி டெடே பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "புளுகாதய்யா. அந்த வருஷம் சோப்பு ஏது?"

அவ்வளவுதான், கூடமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எல்லாப் பதிவும் இதே லட்சணம்தான்.

அறக்கட்டளையின் மேடம் செலாசி போன் செய்தார். "சார், உங்க ஆளுங்க பட்டினியப் பத்திப் பேசுறாங்களா, கல்யாண வீட்டுக் கதை சொல்றாங்களா? பக்கத்து ஊர்ல மைக்கை நீட்டினாலே அழுறாங்க. செவ்வாய்க்கிழமை நானே வந்து கேக்குறேன். அப்பவும் இப்படின்னா நிதி அவங்களுக்குத்தான் போகும்."

பக்கத்து ஊர்க்காரர்களுக்கு நினைவில்லம் என்றால் எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள். எனக்கு வயிறு எரிந்தது.

நான் அவசரப்படவில்லை. முதலில் சாட்சிகளின் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டுப் பார்த்தேன். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது, நம்பிக்கை வந்தது. பிறகு மனமிரங்கிச் சோறும் கோழிக் குழம்பும் போட்டேன். லார்யே தட்டை வழித்துத் தின்றுவிட்டு, "நல்லா இருந்துச்சு. சரி, சாப்பாடு எப்ப?" என்று கேட்டார்.

எனக்குப் பளிச்சென்று புரிந்தது. மலையளவு சோறு தின்றாலும் கெங்கி தின்னாவிட்டால் எங்கள் ஆட்களுக்கு அன்று பட்டினிதான். ஊரில் கெங்கி இல்லாமல் செய்துவிட்டால், ஓர் உயிரும் போகாமல் ஊரே பஞ்சத்தை உணரும். நான் கொலைகாரன் அல்ல, ஐயா. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

கெங்கிக்கான மக்காச்சோள மாவு புளிக்கச் சில நாளாகும். இருக்கிற மாவு கெட்டால் உடனே வேறு மாவு கிடைக்காது. அந்தச் சனிக்கிழமை என் மாமியாரின் அடக்கம். கறுப்பும் சிவப்புமாக உடுத்திக்கொண்டு ஊரே அங்கே போயிருந்தது. மருமகன் அழுதுகொண்டு நிற்க வேண்டிய நேரத்தில் நான் மண்ணெண்ணெய் டின்னோடு வீடு வீடாகப் போய், மாவுப் பீப்பாய்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். மாமியார் நல்லவர். புரிந்துகொண்டிருப்பார்.

மறுநாள் ஊர் கொந்தளித்தது. விசாரிக்க ஒரு குழு போட்டார்கள், தலைவர் நான்தான். பக்கத்து ஊர்க்காரர்கள் மேல் சந்தேகம் இருப்பதாகச் சொன்னேன். அவர்களோ பாவம், வேன் நிறையக் கெங்கி அனுப்பிவைத்தார்கள். அவர்கள் ஃபான்டி இனத்தார், கெங்கியை வாழையிலையில் சுற்றுகிறவர்கள். மக்காச்சோளத் தோலில் சுற்றாததைக் கெங்கி என்று எங்கள் ஊர் ஒப்புக்கொள்ளாது.

"இதத் திங்கிறதுக்கு அந்த இலையையே தின்னுரலாம்" என்று சொல்லி லார்யே வேனைத் திருப்பி அனுப்பினார். எனக்குப் பெரிய நிம்மதி.

ஆன்ட்டி டெடே குழி தோண்டித் தன் மாவைக் கொட்டினாள். அவள் பிழைப்பே அதுதான். தலையில் கை வைத்துக்கொண்டு அவள் குழியோரம் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கு மிகவும் வேதனையாக இருந்தது. உடனே பேட்டி எடுத்தேன். குழந்தைகளும் அழுதார்கள் என்கிறீர்கள். அதைப் பதிவு செய்யத் தவறியது என் குறைதான்.

செவ்வாய்க்கிழமை மேடம் செலாசி வந்தார். லார்யே கேமரா முன்னால் உட்கார்ந்தார். "பசின்னா..." என்றார், பொலபொலவென்று கண்ணீர் விட்டார். கூடத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் அழுதார்கள். மேடமும் அழுதார்.

"சார், இதுக்குத்தான் காத்திருந்தேன். கட்டடத்துக்கு இனி தடையே இல்ல" என்றார்.

நானும் நெகிழ்ந்துபோய் அவருக்குக் கொடுக்கக் கைக்குட்டையை உருவினேன். அதோடு சேர்ந்து பாதிக் கெங்கி கீழே விழுந்து, லார்யேவின் காலடிக்கு உருண்டு போனது.

கொஞ்சம் மாவை முன்கூட்டியே எனக்கென்று எடுத்து வைத்திருந்தேன். செயலாளருக்குத் தலை தெளிவாக இருக்க வேண்டும். என் மனைவிக்குக்கூடக் கொடுக்கவில்லை. அவள் அம்மாவைப் பறிகொடுத்தவள். துக்கத்தில் இருப்பவர்களுக்குப் பசிக்காது.

"அது காட்சிப் பொருள்" என்றேன்.

லார்யே எடுத்துக் கடித்துப் பார்த்தார். "காட்சிப் பொருள் சுடச்சுட இருக்கே, தம்பி."

ஆன்ட்டி டெடே அவர் கையிலிருந்து ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டாள். "பாவி, என் பீப்பாய் மாவுய்யா இது. இதத் திருடிக்கிட்டு மிச்சத்துலயா ஊத்துன?"

என் மனைவிதான் முதலில் ஊளையிட்டாள். அப்புறம் கூடம் முழுவதும் ஊளையிட்டது. லார்யே கண்ணீரைத் துடைக்காமலே ஊளையிட்டுக்கொண்டிருந்தார். மேடத்தின் கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

நீங்கள் என்னைக் கூப்பிட இத்தனை மாதம் ஆனதில் ஒரு நன்மை, ஐயா. நினைவில்லம் திறந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டேன். மேடம் அந்தப் பதிவை அறக்கட்டளைக்குக் காட்ட, நிதி ஆன்ட்டி டெடேயின் பேருக்குப் போனது. ஊருக்குத்தானே வந்தது, எனக்கு அதில் பொறாமை இல்லை. முதல் அறையில் எண்பத்து மூன்றாம் வருஷத்துப் பஞ்சம். அங்கே யாரும் அதிக நேரம் நிற்பதில்லை. இரண்டாவது அறையில் ஆளுயரத்துக்கு என் படம். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக வந்து அதன் முன்னால் நின்று ஊளையிடுகிறார்கள். எப்போது தொடங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறவள் என் மனைவி. போன ஞாயிற்றுக்கிழமை ஓரமாக நின்று கேட்டேன், கண் கலங்கிவிட்டது.

ஆமாம், எல்லாப் பீப்பாயிலும் ஊற்றியவன் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஜனங்கள் ஊளையிடுவது பசியைப் பார்த்து. என் படம் அந்தச் சுவரில் இருப்பது செயலாளர் என்ற முறையில்.